பனங்கூடல் முடிகிற இடம் கியருக்குத் தெரியாது

என்னுடைய சைக்கிளில் மூன்று பற்றரி இருக்கிறது. பின் கியர் மாற்றியில் ஒன்று, முன் கியர் மாற்றியில் ஒன்று, ஹாண்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்த சின்னப் பெட்டிக்குள் மணிக்கூட்டுப் பற்றரி ஒன்று. கொக்குவிலில் சைக்கிள் கடை வைத்திருக்கிற அண்ணைக்கு முதல்நாள் இதை விளங்கப்படுத்தினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குனிந்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மூண்டு பற்றரி சரி மாஸ்டர். லைற் எங்கை?"

லைற் இல்லை. மணி இல்லை, மட்கார்ட் இல்லை, ஸ்ராண்ட் இல்லை. இது ரைம் ட்ரயல் சைக்கிள். தனி ஆளாக, மணிக்கூட்டோடு மட்டும் போட்டிபோட்டு ஓடுவதற்கென்றே செய்தது. முன்னுக்கு ஆள் இல்லை, பின்னுக்கு ஒதுங்கவும் ஆள் இல்லை. முழங்கையைப் பஞ்சுத் தாங்கியில் வைத்து, இரண்டு கையையும் கும்பிடுகிற மாதிரி முன்னுக்கு நீட்டி, தலையைத் தோளுக்குள் இறக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். அண்ணை இதைப் பார்த்துவிட்டு "நேத்திக்கடன் மாதிரிக் கிடக்கு" என்றார். அவர் சொன்னது முழுப் பிழை என்று சொல்ல மாட்டேன்.

சைக்கிள் என்னுடையது என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, வாங்கினது மச்சான். மனைவியின் தம்பி, லண்டனில் இருக்கிறார். 2019இல் கொழும்பில் நடந்த அயர்ன்மேன் 70.3 போட்டிக்கு இதைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார். நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், பிறகு ஓட்டம். முடிந்த கையோடு யாழ்ப்பாணம் வந்து ஒரு கிழமை நின்றார். போகும்போது, திருப்பிக் கொண்டுபோக விமானத்துக்குக் கட்டுகிற காசுக்கு இங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். அப்போது எனக்கு நாற்பதுக்குக் கிட்ட. கணிதம் படிப்பிக்கிற, வயிறு வைக்கத் தொடங்கிய வாத்தியார். அதுவரை நான் ஓடினதெல்லாம் லுமாலா, எங்கள் நாட்டுச் சாதாரண சைக்கிள்.

இந்தச் சைக்கிளில் கியர் மாற்ற நெம்பு இல்லை, கேபிள் இல்லை. பட்டன்தான். வலது கைப் பட்டனை அமத்தினால் கியர் ஒரு படி கடினமாகும், இடது கை அமத்தினால் ஒரு படி இலகுவாகும். இரண்டையும் சேர்த்து அமத்தினால் முன் பல்லு, அதாவது பெடலோடு இருக்கிற பல்லுச் சக்கரம், மாறும். ஹாண்டிலுக்குக் கீழே இருக்கிற பெட்டியில் இருந்து வயர் இல்லாமல் வானொலி அலையில் செய்தி போய், பின் கியர் மாற்றிக்குள் இருக்கிற குட்டி மோட்டார் செயினைத் தள்ளும். ஸ்ராம் நிறுவனம் 2015இல் வெளியிட்ட முறை இது. சிமானோ நிறுவனத்தின் டிஐ2 என்ற மின்சாரக் கியர் அதற்கு முதலே, 2009இல் வயரோடு வந்துவிட்டது. கம்பக்னோலோ நிறுவனம் 2011இல் வந்து சேர்ந்தது. அதற்கெல்லாம் முன்னோடி மாவிக் என்ற பிரெஞ்சு நிறுவனம். தொண்ணூறுகளிலேயே மின்சாரத்தால் கியர் மாற்றிப் பார்த்துவிட்டார்கள்.

மின்சாரக் கியர் சாதாரண றோட் சைக்கிளுக்கு வசதி. ரைம் ட்ரயல் சைக்கிளுக்கு அது அவசியம் என்றே சொல்லுவேன். காரணம் மிகச் சின்னது. இந்தச் சைக்கிளில் கை இரண்டு இடத்தில் இருக்கும். நேர் றோட்டில் முன்னுக்கு நீட்டின கம்பியில். திருப்பத்திலும் பிறேக் பிடிக்கும்போதும் பக்கத்து மாட்டுக்கொம்புக் கம்பியில். கேபிள் கியரின் நெம்பு நீட்டின கம்பியின் நுனியில் மட்டும்தான் இருக்கும். ஆகவே கை பிறேக்கில் இருக்கிற நேரத்தில் கியர் மாற்ற ஏலாது. கியர் மாற்றப் போனால் பிறேக் இல்லை. திருப்பத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். மின்சாரம் வந்த பிறகு இரண்டு இடத்திலும் பட்டன் வைக்கலாம். நான் அறிந்தவரை இந்தத் தொழில்நுட்பம் ரைம் ட்ரயலுக்குத் தந்த ஆகப் பெரிய நன்மை அதுதான். கேபிள் மறைவதால் காற்றுக் குறைவாக அடிக்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இனி, யாழ்ப்பாணத்துக்கு எதற்குக் கியர் என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். மலை இல்லை, மேடுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓடுகிற பாதை இது. விடிய ஐந்து மணிக்குக் கோட்டைக்குப் பக்கத்தால் பண்ணைத் தாம்போதியில் ஏறுவேன். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை. பிறகு கடலுக்கு நடுவால் போகிற அடுத்த தாம்போதி, புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கு வள்ளம் ஏற நிற்கிற சனத்துக்குப் பக்கத்தில் திருப்பிக்கொண்டு அதே பாதையால் வீட்டுக்கு. போக முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட, வர அதேயளவு. சோளகம் அடிக்கிற வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரைக்கும் போகும்போது காற்று முகத்தில், வரும்போது முதுகில். வாடைக் காலத்தில் இது தலைகீழ்.

வாத்தியார் என்றபடியால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் உடம்பு, சைக்கிள், கிடக்கிற கிடை எல்லாவற்றையும் சேர்த்து, காலில் இருந்து 200 வாட் வருகிறதென்று வைத்தேன். காற்றே இல்லாவிட்டால் மணிக்கு 38 கிலோமீற்றர் வரும். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் காற்று எதிர்த்தால், அதே 200 வாட்டுக்கு 27. அதே காற்று முதுகில் என்றால் 50. ஒரே கால், ஒரே மூச்சு, ஒரே மட்டமான றோட்டு. வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. நிமிடத்துக்கு 90 தரம் உழக்க வேண்டுமென்றால், முன்னுக்கு 54 பல்லு இருக்கும்போது, போகையில் பின்னுக்கு 22 பல்லு வேண்டும். வருகையில் 12. பின்னுக்குப் பல்லுக் கூடினால் கியர் இலகு, குறைந்தால் கடினம். இந்த இடைவெளி சில மலைநாட்டுப் பாதைகளுக்கே போதும்.

காற்று இல்லாத இடத்தில் கியர் தேவையில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் ஒரு மணிநேரச் சாதனையைப் பாருங்கள். இத்தாலியச் சைக்கிளோட்டக்காரர் பிலிப்போ கன்னா 2022 ஐப்பசி 8ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் கிறென்ஹனில் கூரைக்குக் கீழே இருக்கிற ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீற்றர் ஓடினார். ஒரே கியர், மாற்றவே முடியாத கியர். அவரைப் பண்ணைப் பாலத்தில் ஆடி மாதம் அந்தக் கியரோடு விட்டால் மண்டைதீவுச் சந்தியில் இறங்கித் தேத்தண்ணி குடித்திருப்பார்.

சரி, பட்டன் நல்லது. அடுத்த கேள்வி, பட்டனையும் நான் ஏன் அமத்த வேண்டும் என்பது. மச்சான் தொலைபேசியில் அடிக்கடி இதைக் கேட்பார். மோட்டார் இருக்கு, பற்றரி இருக்கு, சின்னக் கொம்பியூட்டர் இருக்கு. கால் எவ்வளவு வேகமாக உழக்குது என்று பார்த்து அதுவே மாற்றினால் என்ன?

இது புது ஆசை இல்லை. சிமானோ 2007இலேயே மூன்று கியர் உள்ள, தானாக மாறுகிற பின் அச்சு ஒன்றை விற்றது. கியர் என்றாலே பயப்படுகிற ஆட்களுக்கானது அது. 2022இல் மோட்டார் பூட்டின சைக்கிள்களுக்குத் தானியங்கிக் கியர் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம் ஸ்ராமும் மலைச் சைக்கிள் மோட்டாரோடு அதைச் செய்தது. 2025இல் சிமானோ வெளியிட்ட கியூ-ஓட்டோ என்ற முறைக்கு மோட்டாரும் வேண்டாம். பின் அச்சுக்குள்ளேயே டைனமோ. அது சுற்றுகிற மின்சாரத்திலேயே, உழக்கிற வேகத்தையும் சைக்கிளின் வேகத்தையும் ஏற்ற இறக்கத்தையும் அளந்து கியரை மாற்றும்.

டைனமோ என்றதும் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். என் வயதுக்காரர் யாழ்ப்பாணத்தில் யாரும் நிற்பார்கள். தொண்ணூறுகளின் முதற்பாதியில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிட்டு வைத்து, பின் சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் பூட்டித் தமிழோசை கேட்போம். பெடலைக் கையால் சுற்றுகிற வேலை எனக்கு. சுற்று குறைந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் கிணற்றுக்குள் போகும். கூடினால் ரேடியோ கரகரக்கும். "ஒரே சீராச் சுத்தடா!" என்று அப்பா கத்துவார். செய்தி முடியும் வரைக்கும் ஒரே சீர். லண்டனில் காசு கொடுத்துப் பயிற்சியாளர் வைத்துப் பழகுகிறார்களாம் நிமிடத்துக்கு 90 என்று. எனக்கு அதை அப்பா ஏசி ஏசியே பழக்கிவிட்டார்.

மேலே சொன்ன தானியங்கிக் கியர் எதுவும் ரைம் ட்ரயல் சைக்கிளுக்கென்று செய்ததில்லை. ஆகவே நாங்களே செய்தோம். நாங்கள் என்றால் மருமகன். அக்காவின் மகன், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் பட்டனைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மாமா, இது வெறும் சுவிச். ரெண்டு வயர் முட்டினா சரி. உங்கட விரலுக்குப் பதிலா நான் முட்ட வைக்கிறன்."

ஈஎஸ்பி32 என்ற சின்னக் கொம்பியூட்டர்ப் பலகை ஒன்று, உழக்குகிற தண்டில் ஒரு காந்தம், சட்டத்தில் அதைக் கவனிக்கிற ஒரு உணரி, பட்டன் வயருக்குப் பக்கத்தால் இன்னொரு வயர். எல்லாவற்றையும் பிளாஸ்ரிக் சவர்க்காரப் பெட்டிக்குள் போட்டு இருக்கைக்குக் கீழே கட்டினான். விதி மிக எளிமை: நிமிடத்துக்கு 84 உழக்குக்குக் கீழே போனால் ஒரு படி இலகு, 96க்கு மேலே போனால் ஒரு படி கடினம். என் பட்டனும் வேலை செய்யும், பெட்டியும் வேலை செய்யும்.

முதல் ஞாயிறு அல்லைப்பிட்டி தாண்டமுதல் எனக்கு விசர் பிடித்தது. சைக்கிள் ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. டிக் என்று இலகுவாகும், நாலு உழக்கில் டிக் என்று கடினமாகும். பிறகு திரும்பவும். வீட்டுக்கு வந்து கரும்பலகையில் கணக்குப் போட்டபோதுதான் விளங்கிற்று. என் பின் பல்லுகள் 11, 12, 13, 14, 15. அதற்குப் பிறகு 17, 19, 22 என்று இரண்டும் மூன்றுமாகத் தாவும். 13இல் இருந்து 14க்குப் போனால் 83 உழக்கு 89 ஆகும். பிரச்சினை இல்லை. 15இல் இருந்து 17க்குப் போனால் அதே 83, ஒரே பாய்ச்சலில் 94. மேல் எல்லைக்கு இரண்டு மட்டும்தான் மிச்சம். கால் கொஞ்சம் உற்சாகப்பட்டு 97 என்றால் பெட்டி திரும்பவும் 15க்குத் தள்ளும். இப்போது 86. ஒரு சின்னக் காற்று வந்தால் 83. திரும்பவும் முதலில் இருந்து. ஒரே வாசலால் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக நிற்கிற நாய்க்குட்டி மாதிரி.

எல்லையை அகட்டலாம். 78க்கும் 102க்கும் விட்டால் தாவல் நிற்கும். ஆனால் 78 வரைக்கும் காத்திருக்கிற கியர் எனக்கு எதற்கு? அந்த நேரம் தொடை எரியத் தொடங்கிவிடும். மருமகன் எல்லையை விட்டுவிட்டு நேரத்தைக் கூட்டினான்: மூன்று செக்கன் தொடர்ந்து எல்லைக்கு வெளியே இருந்தால் மட்டும் மாற்று. துள்ளல் குறைந்தது. ஆனால் இதற்கும் ஒரு விலை. ஒரு காந்தம் என்றால் ஒரு சுற்று முடிந்தால்தான் செய்தி வரும், 90இல் அது செக்கனில் மூன்றில் இரண்டு பங்கு. நம்பிக்கைக்கு மூன்று சுற்றின் சராசரி என்றால் இரண்டு செக்கன். மேலே காத்திருப்பு மூன்று. ஐந்து செக்கனில் எதிர்க்காற்றிலும் நாற்பது மீற்றர் போய்விடும். கம்பனிக்காரர் செய்கிற பெட்டியில் உணரி கூடுதல், எங்களுடையதை விடக் கட்டாயம் கெட்டித்தனமாக இருக்கும். ஆனாலும் அடிப்படை அதேதான்: கால் தடுமாறின பிறகுதான் அதற்குத் தெரியும்.

எனக்கு முதலே தெரியும். நான் சொல்ல வந்த விஷயம் இதுதான்.

மண்கும்பானில் றோட்டுக்கு இரண்டு பக்கமும் பனங்கூடல் இருக்கிற இடங்கள் உண்டு. உள்ளே போனால் சோளகம் தணியும், சத்தம் மட்டும் மேலே கேட்கும், ஓலை ஓலையாக உரசிக்கொண்டு. கூடல் முடிகிற இடத்தில் காற்று அறைகிற மாதிரி வந்து விழும். வருடக்கணக்காக ஓடினதில் எந்த இடத்தில் கடைசிப் பனை என்று எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு மரம் முதலே இடது கைப் பட்டனை ஒரு தரம் அமத்துவேன். காற்று வந்து விழும்போது கியர் ஏற்கெனவே மாறியிருக்கும், கால் அதே சீரில் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்டியை நம்பிப் போன நாளில் காற்று விழுந்தது, கால் 90இல் இருந்து 76க்குப் போனது, நான் பல்லைக் கடித்து மிதித்தேன், பிறகுதான் டிக். அதுவும் செயின் முழு இறுக்கத்தில் இருக்கும்போது. அந்த மோட்டாருக்கு இரக்கம் கிடையாது. செயின் கரகரவென்று ஏறுகிற சத்தம் என் பல்லுக்குள் கேட்டது.

குறிகட்டுவான் திருப்பம் இதைவிட மோசம். கையால் என்றால், இறங்குதுறை தெரிகிற தூரத்திலேயே மெதுவாக உழக்கிக்கொண்டு மூன்று நாலு படி இலகுவாக்கிவிட்டுத்தான் பிறேக்கைத் தொடுவேன். திரும்பி எழும்பும்போது கால் சுகமாகப் போகும். பெட்டிக்கோ நான் உழக்குவதை நிற்பாட்டினால் பூச்சியம் என்று மட்டும்தான் தெரியும். உழக்காமல் இருக்கிற நேரம் கியர் மாற்றவும் கூடாது, செயின் ஓடாமல் மாற்றி மட்டும் நகர்ந்தால் அடுத்த மிதியில் முறியும் மாதிரிச் சத்தம் வரும். ஆகவே மருமகன் அந்த நேரத்தில் ஒன்றும் செய்யாதே என்று எழுதியிருந்தான். நான் கடினக் கியரிலேயே திரும்பி, வள்ளத்துக்கு நின்ற அம்மாமாருக்கு முன்னால் எழும்ப மாட்டாமல் தள்ளாடி, ஒரு காலை நிலத்தில் ஊன்றினேன். "தம்பிக்குத் தலைசுத்தோ?" என்று ஒரு அம்மா கேட்டார். தேசிக்காயும் தந்தார்.

மோட்டார் பூட்டின சைக்கிள்களில் இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டார்கள். ஆள் உழக்காவிட்டாலும் மோட்டாரே செயினைச் சுற்றிக் கொடுக்கும், அப்போது கியர் மாறும். ரைம் ட்ரயல் சைக்கிளில் மோட்டார் வைத்தால் அது வேறு போட்டி. இதைக் கொக்குவில் அண்ணைக்குச் சொன்னேன். அவர் கைத்துணியில் ஒயிலைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஐயா வைச்சிருந்த ரலியில ஸ்ரேமி ஆர்ச்சர் மூண்டு கியர். சில்லுக்கு நடுவிலதான் எல்லாம். நிண்ட நிலையிலயே மாறும். சந்தியில நிண்டு பூவரசம் இலையைப் புடுங்கிக்கொண்டே மாத்தலாம். நீங்கள் இப்பத்தான் அதுக்கு வாறியளோ?"

அவர் சொல்வது சரி. அச்சுக்குள் இருக்கிற கியர் நிற்கும்போதும் மாறும். இங்கிலாந்தில் நூறு வருடத்துக்கு முதலே தீர்த்த விஷயம். மூன்று கியரோடு நேரத்துக்கு எதிராக ஓட ஏலாது, அச்சுக்குள் உராய்வும் கூட என்றேன். அண்ணை அதை மதிக்கவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பெட்டிக்கு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மருமகன் கோபிப்பான்.

வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில் இருக்கிற தாம்போதியில் மரமும் இல்லை, வீடும் இல்லை. இரண்டு பக்கமும் பரவைக்கடல், மேலே வானம். காற்று ஒரே சீராக அடிக்கும். அந்த இடத்தில் பெட்டி என்னை விடத் திறமாக ஓடியது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், களைத்துப்போனால் கியரை இலகுவாக்க மனம் வராது. ஏதோ தோற்றுப்போகிற மாதிரி இருக்கும். 15இலேயே நின்று, 75, 72 என்று அரைத்துக்கொண்டு போவேன். அடுத்தநாள் வகுப்பில் கரும்பலகைக்கும் மேசைக்கும் நடுவில் முழங்கால் நொந்துகொண்டு திரிவேன். பெட்டிக்கு வெட்கம் இல்லை. 84 என்றால் டிக். அந்த மாதம் முழுக்கத் திங்கட்கிழமைகளில் எனக்கு முழங்கால் நோ இல்லை. நேரமும் மோசமாகவில்லை. மச்சான் மாதிரி 90 கிலோமீற்றர் ஓடிவிட்டு அதன் பிறகு காலால் வேறு ஓட இருக்கிற ஆளுக்கு, கடைசி மணித்தியாலத்தில் யாரோ ஒருவர் அவருக்காக வெட்கப்படாமல் கியரை இறக்கிக் கொடுப்பது பெரிய உதவிதான். தனி ஆளாக ஓடி முடிந்ததும் இறங்கிவிடுகிற எனக்கு அந்தளவு தேவையில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் தானியங்கிக் கியரை நல்லது கூடாது என்று பேசுவதில் அர்த்தமில்லை.

இடைப்பட்ட ஒன்றும் இருக்கிறது. சிமானோவில் பின் பல்லை மட்டும் நாம் மாற்ற, முன் பல்லு தேவைப்படும்போது தானாக மாறுகிற ஒரு முறை உண்டு. ஸ்ராமின் புதிய வகைகளிலும் அதே மாதிரி இருக்கிறது. எப்போது மாற்றுவது என்பது மனிதனிடம், எப்படி மாற்றுவது என்பது பொறியிடம். என் பழைய பெட்டியில் அது இல்லை. இருந்தாலும் எனக்கு உதவாது. யாழ்ப்பாணத்தில் சின்ன முன் பல்லு கலியாணக் கூறை மாதிரி, எடுத்து வைத்ததோடு சரி.

ஆனால் அந்தச் சின்னப் பல்லுக்கென்று பூட்டின முன் கியர் மாற்றி ஒருநாள் எனக்கு உயிர் தந்திருக்க வேண்டும். தரவில்லை, என் முட்டாள்தனம். பெட்டி வருவதற்கு முந்தின தை மாதம். வாடை முதுகில் தள்ள, 54க்கு 12 என்று பறந்து குறிகட்டுவான் போய்ச் சேர்ந்தேன். திரும்பி இடது பட்டனை அமத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. முதல்நாளே சிவப்பு விளக்கு மினுங்கினது, சார்ஜ் ஏற்ற மறந்துவிட்டேன். ஒரு தரம் ஏற்றினால் அறுபது மணித்தியாலம் வரும் என்பது கம்பனிக் கணக்கு. அறுபது மணித்தியாலம் நிற்கிற சாமான் என்றால் மனிதன் மறப்பான், அதுதான் அதன் வில்லங்கம். பற்றரி செத்தால் கியர் எந்தப் பல்லில் நிற்கிறதோ அதிலேயே நிற்கும். என்னுடையது 12இல் நின்றது. முகத்தில் வாடை.

உழக்க மாட்டாமல் எழும்பி நின்று, சைக்கிளை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி வந்தேன். புங்குடுதீவுத் தாம்போதியின் நடுவில், பின்னுக்கு ஒரு சாக்கு நெல்லு, ஹாண்டிலில் ஒரு சோடி மீன் தொங்க, லுமாலாவில் வந்த ஒரு ஐயா என்னை முந்தினார். முந்தும்போது என் தலைக்கவசத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மச்சானுக்கு எடுத்தேன். சிரித்து முடிய ஒரு நிமிடம் சென்றது.

"மச்சான், முன்னுக்கு இருக்கிறதும் அதே பற்றரிதானடா. கழட்டிப் பின்னுக்குப் போட்டிருக்கலாமே."

அன்றிலிருந்து முன் கியர் மாற்றி என் சைக்கிளில் உபரிப் பற்றரி காவுகிற கூலியாளாக வேலை பார்க்கிறது. மணிக்கூட்டுப் பற்றரி, சிஆர்2032, டவுனில் எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். மற்ற எதுவும் கிடைக்காது. பின் மாற்றி உடைந்தால் லண்டனில் இருந்து யாராவது கோயில் திருவிழாவுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். 2022இல் கரண்ட் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் நின்ற காலத்தில், சார்ஜ் வரிசையில் முதலில் பிள்ளைகளின் லைற், பிறகு மனைவியின் போன், கடைசியில் என் கியர். அதே வருடம் பெற்றோல் இல்லாமல் ஊர் முழுக்கத் திரும்பவும் சைக்கிளில் ஏறியபோது, கொக்குவில் அண்ணைக்கு மூச்சுவிட நேரமில்லை. என் சைக்கிளை மட்டும் தொடமாட்டார். "இதுக்கு ஸ்பனர் இல்லை மாஸ்டர், போன்தான் வேணும்." உப்புக்காற்றுக்குப் பற்றரி பூட்டுகிற செப்பு முனை பச்சை பிடிக்கும் என்பதை மட்டும் அவர்தான் கண்டுபிடித்தார். மாதம் ஒரு தரம் துடைத்துக் கொஞ்சம் கிறீஸ் பூசச் சொன்னார். எந்தக் கையேட்டையும் விட அந்த ஒரு வரி எனக்கு உதவியது.

பெட்டியை இப்போது கழற்றவில்லை. ஒரு சுவிச் வைத்திருக்கிறோம். வேலணை தாண்டின பிறகு தாம்போதிக்குப் போட்டுக்கொள்வேன், புங்குடுதீவு கண்டதும் நிற்பாட்டுவேன். திரும்பி வரும்போது களைத்துவிட்டேனா இல்லையா என்று என்னை நானே கேட்டு, களைக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு, அரைவாசி நாட்களில் போடாமல் வருவேன்.

மருமகனுக்கு இது போதவில்லை. போன கிழமை புதுத் திட்டத்தோடு வந்தான். ஜிபிஎஸ் பூட்டப் போகிறானாம். சைக்கிள் எங்கே நிற்கிறது என்று பெட்டிக்குத் தெரிந்தால், கடைசிப் பனைக்கு இரண்டு மரம் முதலே அதுவே மாற்றும். திருப்பத்துக்கு நூறு மீற்றர் முதலே இறக்கிக் கொடுக்கும்.

"பனங்கூடல் எங்கெங்கை துடங்குது, எங்கெங்கை முடியுது எண்டு மட்டும் குறிச்சுத் தாங்கோ மாமா. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"எந்தக் காத்துக்கு?"

"விளங்கேல்லை."

"சோளகத்துக்கு ஒரு பக்கத்து மரம் மறைக்கும். வாடைக்கு மற்றப் பக்கம். ரெண்டும் ஒரே இடத்தில முடியாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு பையைத் திறந்து, பாவிக்காத ஒரு கொப்பியை எடுத்து மேசையில் வைத்தான். சோளகத்துக்கான பக்கங்களை இந்த ஞாயிறு எழுதி முடித்தேன். வாடைக்கு மார்கழி மட்டும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.